பாரம் ஏற்றாத நான்கு மணித்தியாலம்

குணம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கிளினிக்கில் ஒரு பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டிருந்தேன். அவருடைய மனைவி மலர் அக்காதான் தொலைபேசியில் கூப்பிட்டா. "மிஸ்ஸி, கரண்ட் இருக்கு, மெசினும் ஓடுது. இவர் ஏன் மூச்சு விடுறாரில்லை?" என்று கேட்டா. பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, "வாறன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். இருபத்தேழு வருடமாகக் குடும்பநல மருத்துவிச்சியாக, ஊருக்கு மிஸ்ஸியாக இருக்கிறேன். மூச்சு நின்ற வீட்டில் என்ன சொல்ல வேண்டும், யாரை முதலில் கதிரையில் இருத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். அன்று அது ஒன்றும் உதவவில்லை. எங்களூர் அக்கராயன் வரைக்கும் ஸ்கூட்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்றும் நினைவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று மலர் அக்கா கேட்டா. தேவாரம், குடும்ப விபரம், படம் எல்லாம் ஆயத்தம். "வெள்ளத்துக்கை நீங்கள்தான் அவரோடை நிண்டனீங்கள். அதை எழுதித் தாங்கோ" என்றா. அது ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்கினாலும் கல்வெட்டில் போடத் தக்கதோ தெரியாது. வாசித்துப் பார்த்து, வேண்டாமென்றால் கிழித்துவிடுங்கள் அக்கா. எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். இதற்கு வராது.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குணம் அண்ணை சந்தியில் ஒரு தகரக் கொட்டில் வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கிற மெசின், மருந்தடிக்கிற மெசின், புல்லு வெட்டுகிற மெசின் என்று பெற்றோலில் ஓடுகிற சின்ன எஞ்சின் எதுவானாலும் அங்கேதான் போகும். பழுதானது மட்டுமல்ல, புதிதாக வாங்கியதும் முதலில் பழக்கி எடுக்க அவரிடம்தான் போக வேண்டும். அன்றைக்கே திருப்பித் தரமாட்டார். ஒயில் ஊற்றி, பெற்றோலைச் சீலையில் வடித்து, ஒரு பீப்பாயிலிருந்து மற்றப் பீப்பாய்க்குத் தண்ணீர் இறைக்க விடுவார். கொஞ்ச நேரம் மெதுவாக, கொஞ்ச நேரம் கூட்டி, பிறகு நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி. பத்து மணித்தியாலம் ஓடி முடிய மூன்று நாள் ஆகிவிடும். அதற்குள் வயல்காரர் வந்து நின்று சத்தம் போடுவார்கள்.

ஒரு சிறுபோகத்தில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் புது மெசினைத் தூக்கிக்கொண்டு போனார். கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை, நெல் கதிர் தள்ளுகிற நேரம், அவரையும் பிழை சொல்ல முடியாது. நாலாம் நாள் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துப் போய்விட்டது. கயிற்றை இழுத்தால் கல்லைப் போல நிற்கிறது. நான் அப்போது அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணை இன்றைக்கு நல்லாகக் கிழிக்கப் போகிறார் என்று ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. கழற்றி, உள்ளே கீறுப்பட்டிருந்ததைக் காட்டினார். "இதிலை நீ செய்த பிழையும் இருக்கு, மழை செய்த பிழையும் இருக்கு" என்று சொல்லி, போகம் முடியும்வரை தன்னுடைய பழைய மெசினைத் தூக்கிக் கொடுத்தார்.

எனக்கும் அவருக்கும் அறிமுகமே ஒரு வாய்க் கொழுவலில்தான். வேலைக்காக நான் புது ஸ்கூட்டி எடுத்த கிழமை, சந்தியில் மறித்தார். "மிஸ்ஸி, உதென்ன இந்தப் பறப்புப் பறக்கிறீங்கள்? பிறந்த பிள்ளையை அண்டைக்கே ஓடச் சொல்லுவீங்களே?" என்றார். என்ன திமிர் என்று எனக்கு ஏறிவிட்டது. "பிறந்த பிள்ளை கத்த வேணும் அண்ணை. கத்தாட்டித்தான் எனக்குப் பயம்" என்றேன். சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். ஆனாலும் அடுத்த ஒரு மாதம் நான் நாற்பதுக்கு மேல் ஓடவில்லை. அவருடைய கொட்டிலைக் கடக்கிறபோது வேண்டுமென்றே இன்னும் குறைத்து, மாட்டுவண்டி வேகத்தில் போவேன். அவர் எழுந்து நின்று கை தட்டுவார்.

பிறகு அவருக்கு மூச்சு வருத்தம் வந்தது. பீடி சுருட்டுத் தொடாத மனிதர். நுரையீரல் மெல்ல மெல்லச் சுருங்குகிறது என்றார்கள், ஏனென்று யாரும் சொல்லவில்லை. கொட்டிலுக்குப் போவது நின்றது. வீட்டில் ஒட்சிசன் மெசின் ஒன்றும், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாயும் வந்தன. அது கரண்டில் ஓடுவது. எங்களூர்க் கரண்டை நம்ப முடியாது என்று பரிஸில் இருக்கிற மகள் ஏற்பாடு செய்து ஒரு சின்ன ஜெனரேற்றரும் வந்தது. போன வருடம் ஆவணியில் வந்தது. பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே போனது.

ஊராருடைய எஞ்சினையெல்லாம் பழக்கிக் கொடுத்த மனிதர், தன் உயிருக்கென்று வந்த எஞ்சினைப் பெட்டியைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தாரா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வியாதி எங்கள் எல்லோருக்கும் உண்டு. புதுச் சாமானைப் பெட்டியிலிருந்து எடுக்க எங்களுக்கு மனம் வராது. பெட்டியோடு இருந்தால் தூக்கி ட்ரெயிலரில் ஏற்றலாம். எடுத்துப் பூட்டிவிட்டால் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். யுத்தத்தில் அப்படி எத்தனை வீட்டை விட்டோம்! கடைசியில் செட்டிகுளம் முகாமில் போய் நின்றபோது கையில் தூக்கக்கூடியதுதான் எங்கள் சொத்து. என் வீட்டிலும் இரண்டு வருடமாக ஒரு சோறு காய்ச்சுகிற மெசின் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. "அந்த ஜெனரேற்றரை எடுத்துப் பழக்கி வையுங்கோவன் அண்ணை" என்று ஒரு தரம் கேட்டேன். "பழக்கினால் பாவிக்க வேணும். பாவிச்சால் பழசாப் போகும்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் நான் விட்ட முதல் பிழை.

சென்ற கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியும். மலர் அக்கா அவருக்கு மருந்து எடுக்கக் கிளிநொச்சிக்குப் போய், மழையில் திரும்ப முடியாமல் தங்கை வீட்டில் நின்றுவிட்டா. "ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ மிஸ்ஸி" என்று எனக்குச் சொன்னா. அடுத்த நாள் விடியக் குளம் நிரம்பி வழிந்து, வான் பாய்ந்து வீதியை மூடிவிட்டது. கம்பங்கள் விழுந்து கரண்ட் போனது. ஆறரைக்கு நான் போய்ப் பார்க்கிறேன், கதிரையில் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருக்கிறார். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற சின்னக் கருவி என் பையில் எப்போதும் இருக்கும். எண்பத்தாறு காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போனால் எங்களுக்குக் கை கால் பதறும். தொலைபேசியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்தார்கள், வான் பாய்கிற இடத்தில் நின்று பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அந்தத் தண்ணீரில் யார் வந்திருக்க முடியும்? சற்று நேரத்தில் தொலைபேசியும் வேலை செய்யவில்லை.

"கட்டிலுக்குக் கீழை இருக்கிற பெட்டியை இழுங்கோ" என்றார் அண்ணை. இழுத்தேன். கத்தியால் கிழிக்கப் போனேன். "வெட்டாதேங்கோ, ஒட்டினதை உரியுங்கோ. பெட்டி தேவைப்படும்." என்ரை அம்மாளாச்சி! மூச்சு வாங்க முடியாமல் இருக்கிற மனிதர் அட்டைப்பெட்டியைக் காப்பாற்றச் சொல்கிறார். உரித்தேன். புது எஞ்சினுக்குள் ஒயில் இருக்காதாம், அவசரத்தில் கயிற்றை இழுத்தால் அதோடு சரியாம். ஒயில் ஊற்றினேன், குச்சியால் அளவு பார்த்து அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். புகை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது என்னுடைய சட்டம். அதனால் வெளிக்கொட்டிலுக்குச் சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு போய், நீள வயரால் வீட்டுக்கு இணைத்தேன். ஏழாவது இழுவையில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. எனக்கு வந்த சந்தோசத்தில் மழைக்குள் நின்று சத்தம் போட்டேன்.

ஓடி வந்து, "இப்ப கொழுவட்டே?" என்று கேட்டேன். "என்னத்தை?" "உங்கடை ஒட்சிசன் மெசினைத்தான், வேறை என்னத்தை?" தலையை ஆட்டினார். "இல்லை. வெறுமனே ஒரு அரை மணித்தியாலம் ஓடட்டும். பேந்து நிப்பாட்டி ஆற விடுங்கோ."

"ஆற விடுறதோ? விசரே உங்களுக்கு? அது ஆற முதல் நீங்கள் ஆறிப் போயிடுவியள்!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து ஐந்து நிமிடம் நிற்கவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இந்தத் தண்ணி நாலு நாளைக்கு வடியாது மிஸ்ஸி. அக்கம்பக்கத்திலை வேறை ஜெனரேற்றர் இல்லை. இது இண்டைக்கு இறுகிப் பிடிச்சுதெண்டால் நாளைக்கு என்னத்தைக் கொழுவுவியள்? இண்டைக்கு நான் இழுத்துப் பிடிப்பன். நாளைக்கு என்னாலை ஏலாது." எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "பத்து மணித்தியாலம் வேணும். உங்களுக்காக நாலாக்கிறன். அதுக்குக் கீழை வரமாட்டன்." மீன் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரிப் பேசினார். நானும் பேரம் பேசித் தோற்றேன்.

ஜெனரேற்றரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதாம், பாரத்தைத்தான் கூட்டிக் குறைக்கலாமாம். அதற்கென்று இரண்டு பழைய குண்டு பல்ப். ஒன்றைப் போடு, இரண்டைப் போடு, ஒன்றை அணை, நிறுத்து, கையை வைத்துச் சூடு பார், ஆறவிடு. பகல் வெளிச்சத்தில் யாருக்கும் பிரயோசனமில்லாமல் அந்த பல்ப் எரிகிறது. பக்கத்தில் ஒட்சிசன் மெசின் சும்மா நிற்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். நான் அவர் விரலில் இலக்கத்தைப் பார்க்கிறேன். எண்பத்தைந்து. எண்பத்துநாலு. "அதைப் பாக்கிறதை விடுங்கோ மிஸ்ஸி, பாத்தால் கூடுமே?" என்றார். கூடாது. ஆனால் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

இரண்டு மணித்தியாலம் ஓடி முடிந்தபோது எண்பத்திரண்டு. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. எனக்குப் பொறுமை போனது. போய் ஒட்சிசன் மெசினின் வயரைக் கொழுவிவிட்டு, குழாயை அவர் மூக்கில் வைத்தேன். கொட்டிலில் எஞ்சினின் சத்தம் இறங்கி, பிறகு முக்கத் தொடங்கியது. இலக்கம் ஏறத் தொடங்கியது. எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கழட்டுங்கோ" என்றார்.

"மாட்டன்."

"எஞ்சின் முக்குது, கேக்கேல்லையே?"

"நீங்கள் முக்கிறது எனக்குக் கேக்குது அண்ணை. அது காணும்."

எழும்பப் பார்த்தார், முடியவில்லை. கையை நீட்டிப் பார்த்தார், வயர் எட்டவில்லை. பிறகு இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். "பிள்ளை, கழட்டு" என்றார். அதுவரை என்னை ஒரு நாளும் மிஸ்ஸி என்பதைவிட வேறு பெயரால் கூப்பிட்டதில்லை.

நான் கழற்றினேன்.

பிறகு அவருடைய முதுகைத் தடவினேன். தலையணை வைத்து முன்பக்கம் சரித்து இருத்தினேன். வாயைக் குவித்து ஊதச் சொல்லிக் கொடுத்தேன். இவையெல்லாம் பக்கத்தில் இருக்கிறவரின் மன ஆறுதலுக்குச் செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும். எண்பத்தொன்றுக்கு இறங்கியது. ஒரு தரம் எழுபத்தொன்பது காட்டியது. எத்தனையோ வீட்டில் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அன்று ஒரு பல்ப்பைப் போட்டு அணைக்கிறதைத் தவிர என் கைக்கு வேலை இருக்கவில்லை.

நான்கு மணித்தியாலமும் ஓடி முடிய, இடையில் ஆறவிட்டதோடு சேர்த்து, பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. சூட்டோடு ஒயிலை ஒரு வெறும் ரின்பால் தகரப் பேணியில் வடிக்கச் சொன்னார். அதில் ஒரு சொட்டை என் உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். மினுமினுவென்று இரும்புத் தூள். "பாத்தீங்களே? புதிசு எண்டால் உள்ளுக்கை சொரசொரப்பு இருக்கும். அது ஒண்டோடை ஒண்டு தேய்ஞ்சு வழிக்கு வரவேணும். அதுக்கிடையிலை பாரத்தை ஏத்தினால் கடிச்சுப் பிடிச்சிடும்." புது ஒயில் ஊற்றினேன். வயரைக் கொழுவினேன். எஞ்சின் இந்த முறை முக்கவில்லை. இரண்டு மணிக்குத் தொண்ணூற்றுமூன்று. கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். நான் அடுப்படிக்குள் போய் ஒரு மூச்சு அழுதேன்.

அந்த எஞ்சின் நான்கு நாளும் ஒரு தரமும் பழுதாகி நிற்கவில்லை. அயலவர்கள் மோட்டார் சைக்கிளில் இருந்த பெற்றோலை எல்லாம் இறக்கிப் போத்தலில் கொண்டுவந்து தந்தார்கள். ஐந்தாம் நாள் மலர் அக்கா உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினா. வருமுன் அண்ணை என்னிடம், "அந்த நாலு மணித்தியாலக் கதையை மலருக்குச் சொல்லாதேங்கோ. அது பயந்திடும்" என்றார். நான் ஓம் என்றேன். சொல்லாமல் இருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

தைக்குப் பிறகு அவர் வேகமாகக் களைத்துப் போனார். கால் வீங்கியது. இருதயத்தின் ஒரு பக்கமும் களைத்துவிட்டது என்று வைத்தியர் சொன்னபோது பக்கத்தில் நான் நின்றேன். எதனால், எப்போதிருந்து என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மலர் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவரையே கேட்டேன். "அண்டைக்கு நான் கழட்டினது உங்களுக்குக் கேடாப் போச்சுதோ அண்ணை?"  பொய் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கமில்லை. "தெரியேல்லை மிஸ்ஸி. எஞ்சின் எண்டால் கழட்டிப் பாத்துச் சொல்லுவன்" என்றார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். நான் எதை விட்டேன்? ஸ்கூட்டி திருத்தப் போனபோது வேறொரு ஊர் மெக்கானிக்கிடம், யாருடைய கதை என்று சொல்லாமல், கேட்டேன். "இப்பத்தை எஞ்சினுக்கு அவ்வளவு பழக்கம் தேவையில்லை அம்மா. முழுப் பாரம் ஏத்தாமல், உது ஒண்டை மட்டும் கொழுவியிருந்தால் ஓடியிருக்கும்" என்றார்.  "நிச்சயமோ?" என்று கேட்டேன். "நிச்சயமெண்டு எப்படிச் சொல்லுறது? ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு மாதிரி" என்றார். அவருடைய சட்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. பாவம், அவர் என்ன செய்தார்?

செத்தவீட்டில் மலர் அக்கா என்னுடைய கையைப் பிடித்தபடியே இருந்தா. வந்த ஒவ்வொருவருக்கும், "இந்த மிஸ்ஸிதான் அவரைப் பத்து மாதம் கூட வைச்சிருந்து தந்தவா" என்று சொன்னா.  கையை இழுக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

அண்ணை, உங்களுக்குச் சொன்ன சொல்லை இன்றைக்கு மீறுகிறேன், மன்னியுங்கோ. உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த நான்கு மணித்தியாலம்தான். அதை இனியும் தனியே வைத்திருக்க என்னால் ஏலாது.

மலர் அக்கா, உங்களுக்குப் பத்து மாதத்தைத் தந்தேனோ, இருந்திருக்கக்கூடிய வருடங்களை எடுத்தேனோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. நீங்கள் அன்றைக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கைதான் அவருடைய வயரைக் கழற்றியது. அவர் கேட்டுத்தான் கழற்றினேன். ஆனாலும் கழற்றியது நான்தான், அக்கா.